பாட்டுக்கு எத்தனை ஆம்பியர்? காரில் பெரிய ஒலியமைப்பு பொருத்துமுன் போட வேண்டிய கணக்கு

வீட்டில் தண்ணீர் கொதிக்க வைக்கும் மின் கேத்தலின் வயரைக் கவனித்திருக்கிறீர்களா? 2,000 வாட் கேத்தலாக இருந்தாலும் அதன் வயர் சுண்டுவிரலைவிட மெல்லியதாகத்தான் இருக்கும். பெரிய ஒலியமைப்பு பொருத்திய காரின் பானட்டைத் திறந்து பார்க்க வாய்ப்புக் கிடைத்தால், பேட்டரியிலிருந்து பின்பக்கம் செல்லும் வயரைப் பாருங்கள். சில கார்களில் அது கட்டைவிரல் பருமன் இருக்கும். இத்தனைக்கும் அந்த ஒலியமைப்பு எடுத்துக்கொள்ளும் திறன் கேத்தல் எடுப்பதில் பாதிதான் இருக்கும். பாதித் திறனுக்கு ஏன் இவ்வளவு பருமனான வயர்?

இந்தக் கேள்விக்கு விடை தெரியாமல் காரில் ஒலியமைப்பு பொருத்துகிறவர்கள் நிறையப் பேர். எஸ்பிஎம் முடித்து, வேலைக்குப் போய், பழைய கார் ஒன்று வாங்கியதும் சிலர் முதலில் செலவு செய்வது பாட்டுக்குத்தான். அதன் பிறகு தொல்லைகள் தொடங்குகின்றன. டிரம் அடிக்கும்போதெல்லாம் முன்விளக்கு மங்குகிறது. பேட்டரியை அடிக்கடி மாற்ற வேண்டியிருக்கிறது. நண்பர்களோடு பாட்டுக் கேட்டுவிட்டு வீட்டுக்குக் கிளம்பினால் எஞ்சின் கிளம்ப மறுக்கிறது. எல்லாவற்றையும்விட ஆபத்தானது, கம்பளத்துக்கு அடியில் போகும் வயர் சூடேறித் தீப்பிடிப்பது.

கடையில் பேச்சு எப்போதும் “எத்தனை வாட்?” என்றுதான் தொடங்கும். நாம் கேட்க வேண்டியது “எத்தனை ஆம்பியர்?” என்று. அதற்குப் படிவம் 5 இயற்பியலில் மின்சாரப் பாடத்தில் வரும் சூத்திரங்களே போதும். கீழ்ப்படிவ மாணவர்களுக்கும் பெருக்கல், வகுத்தல் தெரிந்தால் இந்தக் கணக்கு புரியும்.

குறைந்த மின்னழுத்தம், அதிக மின்னோட்டம்

முதல் சூத்திரம்: திறன் = மின்னழுத்தம் × மின்னோட்டம்.

நம் வீட்டு மின்சாரத்தின் மின்னழுத்தம் 230 வோல்ட். 2,000 வாட் கேத்தல் எடுக்கும் மின்னோட்டம் 2,000 ÷ 230, அதாவது ஏறக்குறைய 8.7 ஆம்பியர். காரில் எஞ்சின் ஓடும்போது கிடைக்கும் மின்னழுத்தம் சுமார் 13.8 வோல்ட்தான். அதே 2,000 வாட்டைக் காரிலிருந்து எடுக்க வேண்டுமென்றால் 2,000 ÷ 13.8 = 145 ஆம்பியர் ஓட வேண்டும். கேத்தலைவிட 16 மடங்குக்கும் அதிகம்.

மின்னோட்டம் கூடினால் வயர் சூடாகும். எவ்வளவு சூடாகும் என்பதை இரண்டாவது சூத்திரம் சொல்கிறது: வயரில் வெப்பமாக வீணாகும் திறன் = மின்னோட்டம் × மின்னோட்டம் × மின்தடை. மின்னோட்டம் இந்தச் சூத்திரத்தில் இரண்டு முறை வருவதைக் கவனியுங்கள். மின்னோட்டம் இரு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்கு, மூன்று மடங்கானால் ஒன்பது மடங்கு.

தெனாகா நேஷனல் தன் பெரிய மின்கோபுரங்களில் 275,000 வோல்ட், 500,000 வோல்ட் என்று உயர்ந்த மின்னழுத்தத்தில் மின்சாரத்தைக் கொண்டு செல்வதும் இதே காரணத்தால்தான். மின்னழுத்தத்தை உயர்த்தினால் அதே திறனுக்கு மின்னோட்டம் குறையும். வழியில் வீணாகும் வெப்பமும் குறையும். காரில் நிலைமை தலைகீழ். மின்னழுத்தம் மிகக் குறைவு, மின்னோட்டம் மிக அதிகம். அதனால்தான் வயர் பருமனாக இருக்க வேண்டியிருக்கிறது.

பேட்டரி சேமிப்பு, ஆல்டர்னேட்டர் வரவு

காரில் மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் பெரும்பாலோர் பேட்டரி என்பார்கள். எஞ்சினைக் கிளப்பும் சில விநாடிகளுக்கு அது உண்மை. எஞ்சின் ஓடத் தொடங்கிய பிறகு மின்சாரம் தருவது ஆல்டர்னேட்டர். எஞ்சினோடு பெல்ட்டால் இணைக்கப்பட்ட இந்தக் கருவிக்குள் ஒரு மின்காந்தம் சுழல்கிறது. அதைச் சுற்றியிருக்கும் கம்பிச் சுருள்களில் மின்காந்தத் தூண்டலால் மாறுதிசை மின்னோட்டம் உண்டாகிறது. டையோடுகள் அதை நேர்மின்னோட்டமாக மாற்றித் தருகின்றன.

காரின் ஈய அமில பேட்டரியில் ஆறு மின்கலங்கள் தொடராக இணைந்திருக்கும். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 2.1 வோல்ட் தருவதால், முழுதாக மின்னேற்றிய பேட்டரி எஞ்சின் ஓடாதபோது 12.6 வோல்ட் காட்டும். ஆல்டர்னேட்டர் வேலை செய்யும்போது இது 13.8 முதல் 14.4 வோல்ட் வரை உயரும்.

குடும்பச் செலவோடு ஒப்பிட்டால், ஆல்டர்னேட்டர் மாதச் சம்பளம், பேட்டரி வங்கிச் சேமிப்பு. செலவு சம்பளத்துக்குள் இருந்தால் சேமிப்பு அப்படியே இருக்கும். செலவு மீறினால் சேமிப்பிலிருந்து எடுக்க வேண்டும். பாட்டுச் சத்தம் போதவில்லை என்று சிலர் இரண்டாவது பேட்டரி ஒன்றைச் சேர்ப்பார்கள். அது இன்னொரு வங்கிக் கணக்கு திறப்பது போன்றது. அதனால் சம்பளம் கூடிவிடாது. அந்தப் பேட்டரியையும் நிரப்ப வேண்டியது அதே ஆல்டர்னேட்டர்தான்.

முதலில் காரின் சொந்தச் செலவு

இப்போது ஒரு கணக்கு போடுவோம். உங்கள் அண்ணன் ஒரு சிறிய கார் வைத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சிறிய கார்களின் ஆல்டர்னேட்டர் பொதுவாக 60 முதல் 80 ஆம்பியர் வரை தரும். பெரும்பாலும் அதன் உடலில் ஒட்டியிருக்கும் அட்டையிலேயே எழுதியிருக்கும். நம் கணக்குக்கு 70 ஆம்பியர் என்று கொள்வோம்.

மழை பெய்யும் இரவில் குளிர்சாதனம் போட்டுக்கொண்டு ஓட்டும்போது அந்தக் காருக்கே எவ்வளவு மின்னோட்டம் தேவை? தோராயமாகப் பார்த்தால்:

எஞ்சின் கட்டுப்பாடு, தீப்பொறி, பெட்ரோல் பம்ப்: 10 ஆம்பியர்
முன்விளக்கு, பின்விளக்கு: 10 ஆம்பியர்
குளிர்சாதனமும் ரேடியேட்டர் விசிறியும்: 15 ஆம்பியர்
வைப்பர்: 3 ஆம்பியர்
கைப்பேசி மின்னேற்றி, மற்றவை: 2 ஆம்பியர்

மொத்தம் 40 ஆம்பியர். நெடுஞ்சாலையில் ஓடும்போது பாட்டுக்கு மிஞ்சுவது 70 − 40 = 30 ஆம்பியர்.

இந்த 70 ஆம்பியர் எஞ்சின் வேகமாகச் சுழலும்போது மட்டுமே கிடைக்கும். கார் நின்றபடி எஞ்சின் மெதுவாக ஓடும்போது ஆல்டர்னேட்டரின் வேகமும் குறையும். காந்தப்புலம் வெட்டப்படும் வேகம் குறைந்தால் தூண்டப்படும் மின்சாரமும் குறையும். பல ஆல்டர்னேட்டர்கள் அப்போது தம் முழு அளவில் ஏறக்குறைய பாதியைத்தான் தருகின்றன. நம் கணக்கில் அதை 40 ஆம்பியர் என்று கொண்டால், கூட்டரசு நெடுஞ்சாலையின் மாலை நேர நெரிசலில் பாட்டுக்கு மிஞ்சுவது பூஜ்யம்.

ஆம்ப்ளிஃபையர் எவ்வளவு எடுக்கும்?

அண்ணன் பொருத்த நினைப்பது இரண்டு ஆம்ப்ளிஃபையர்கள். ஒன்று சப்வூஃபருக்கு 600 வாட். மற்றொன்று கதவுகளில் உள்ள நான்கு ஒலிபெருக்கிகளுக்கு ஒவ்வொன்றுக்கும் 50 வாட், மொத்தம் 200 வாட்.

இவை ஒலிபெருக்கிக்குச் செல்லும் திறன். பேட்டரியிலிருந்து எடுப்பது இதைவிட அதிகம். ஏனென்றால் எந்த ஆம்ப்ளிஃபையரும் தான் வாங்கும் திறன் முழுவதையும் ஒலிபெருக்கிக்கு அனுப்புவதில்லை. ஒரு பகுதி வெப்பமாகிறது. சப்வூஃபருக்குப் பயன்படும் டி வகை ஆம்ப்ளிஃபையர் வாங்கியதில் சுமார் 80 விழுக்காட்டைப் பயன்படுத்தும். பழைய ஏபி வகை சுமார் 50 விழுக்காடு.

சப்வூஃபர்: 600 ÷ 0.8 = 750 வாட்
கதவு ஒலிபெருக்கிகள்: 200 ÷ 0.5 = 400 வாட்
மொத்தம்: 1,150 வாட்
மின்னோட்டம்: 1,150 ÷ 13.8 = 83 ஆம்பியர்

காரில் மிஞ்சியிருப்பது 30. கேட்பதோ 83.

ஆனால் பாடல் என்பது ஒரே அளவில் தொடர்ந்து ஒலிப்பதல்ல. டிரம் ஓசை வந்து போகிறது, குரல் ஏறி இறங்குகிறது. சத்தமாகப் பாட்டுக் கேட்கும்போதும் சராசரி மின்னோட்டம் உச்ச அளவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் என்பது ஒலியமைப்பாளர்கள் பயன்படுத்தும் கணக்கு. அதன்படி சராசரி 28 ஆம்பியர். நெடுஞ்சாலையில் இது 30 ஆம்பியருக்குள் வந்துவிடுகிறது. பேஸ் ஓசை விடாமல் அதிரும் பாடல்களில் சராசரி பாதிக்கு உயரலாம். அப்போது 42 ஆம்பியர் தேவை. 12 ஆம்பியர் பற்றாக்குறை.

நெரிசலில் நிற்கும்போது 28 ஆம்பியரும் பேட்டரியிலிருந்தே போகும். 45 ஆம்பியர்-மணி கொள்ளளவுள்ள பேட்டரி என்றால், அதில் பாதியான 22.5 ஆம்பியர்-மணி, 22.5 ÷ 28 = 0.8 மணி நேரத்தில், அதாவது 48 நிமிடங்களில் காலியாகும். உண்மையில் இன்னும் விரைவாகவே காலியாகும். அதிக மின்னோட்டத்தில் எடுக்கும்போது ஈய அமில பேட்டரி தன் முழுக் கொள்ளளவைத் தருவதில்லை. எஞ்சினைக் கிளப்புவதற்காகச் செய்யப்பட்ட பேட்டரிகள் அடிக்கடி பாதிக்குக் கீழே இறங்கினால் விரைவில் கெட்டுப்போகும். எஞ்சினை நிறுத்திவிட்டு ஒரு மணி நேரம் பாட்டுக் கேட்பவரின் கார் ஏன் கிளம்ப மறுக்கிறது என்பது இப்போது புரிந்திருக்கும்.

பாட்டுக்குச் செலவாகும் ஆற்றலும் சும்மா வருவதில்லை. ஆல்டர்னேட்டரை எஞ்சின்தான் சுழற்ற வேண்டும். ஆல்டர்னேட்டரின் பயனுறு திறன் பொதுவாக 50 முதல் 60 விழுக்காடுதான். எனவே 1,150 வாட் மின்திறனுக்கு எஞ்சின் ஏறக்குறைய 2,000 வாட் கொடுக்க வேண்டும். அந்த ஆற்றல் பெட்ரோலிலிருந்து வருகிறது.

வயரின் பருமனை யார் முடிவு செய்வது?

சராசரி 28 ஆம்பியர் என்றாலும், வயரை உச்ச மின்னோட்டமான 83 ஆம்பியருக்கே திட்டமிட வேண்டும். முன்பக்க பேட்டரியிலிருந்து பின்பக்க ஆம்ப்ளிஃபையருக்கு 5 மீட்டர் நீளம் என்று கொள்வோம். கம்பியின் மின்தடை நீளத்தைப் பொறுத்துக் கூடும், குறுக்குவெட்டுப் பரப்பைப் பொறுத்துக் குறையும். செம்பின் மின்தடை எண்ணைப் போட்டுக் கணக்கிட்டால் கிடைப்பது இது:

2.5 சதுர மில்லிமீட்டர் வயர்: மின்னழுத்த இழப்பு 2.8 வோல்ட், வெப்பம் 234 வாட்
8 சதுர மில்லிமீட்டர் வயர்: இழப்பு 0.9 வோல்ட், வெப்பம் 73 வாட்
21 சதுர மில்லிமீட்டர் வயர்: இழப்பு 0.3 வோல்ட், வெப்பம் 28 வாட்

முதல் வரியில் இருப்பது வீட்டுச் சுவரில் மின்செருகிகளுக்குப் போடும் வயரின் அளவு. அதைக் காரின் கம்பளத்துக்கு அடியில் போட்டு 83 ஆம்பியர் ஓட்டினால், பல பற்றாசுக் கோல்களைக் கம்பளத்துக்கு அடியில் மறைத்து வைத்தது போலாகும். பிளாஸ்டிக் உறை உருகும். மூன்றாவது வரியில் உள்ள வயரைக் கடைகளில் ‘4-ஆம் எண் வயர்’ என்பார்கள். நம் அண்ணனுக்குத் தேவை அதுதான். இரண்டாவது வரி ஏறக்குறைய 8-ஆம் எண் வயர். எண் சிறியதானால் வயர் பெரியது என்பதை நினைவில் வையுங்கள்.

கடையில் இரண்டு வயர்கள் ஒரே பருமனில், ஒரே நிறத்தில் இருக்கும். ஒன்றின் விலை மட்டும் பாதியாக இருக்கும். விலை குறைந்தது பெரும்பாலும் அலுமினியக் கம்பியின் மேல் மெல்லிய செம்புப் பூச்சு பூசியதாக இருக்கும். அலுமினியம் செம்பைப்போல் நன்றாக மின்சாரத்தைக் கடத்தாது. அதே பருமனுக்கு அதன் மின்தடை செம்பைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. கையில் எடுத்துப் பார்த்தாலே வேறுபாடு தெரியும். செம்பின் அடர்த்தி அலுமினியத்தைவிட மூன்று மடங்குக்கு மேல் என்பதால் செம்பு வயர் நன்றாகக் கனக்கும். நுனியைக் கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளி நிறம் தெரிந்தால் அது அலுமினியம்.

ஃபியூஸ் காப்பாற்றுவது எதை?

“ஃபியூஸ் எதற்கு?” என்று கேட்டால், ஆம்ப்ளிஃபையரைக் காப்பாற்ற என்று பலர் சொல்வார்கள். பேட்டரிக்குப் பக்கத்தில் வைக்கும் பெரிய ஃபியூஸ் காப்பாற்றுவது வயரை. வயரைக் காப்பாற்றுவதன் மூலம் காரையும் அதில் இருப்பவர்களையும் காப்பாற்றுகிறது.

வயர் எஞ்சின் பகுதியிலிருந்து உள்ளே வர, இடையிலிருக்கும் இரும்புத் தகட்டின் துளை வழியாக நுழைய வேண்டும். அந்தத் துளையில் ரப்பர் வளையம் போடாமல் விட்டால், கார் அதிர அதிரத் தகட்டின் விளிம்பு வயரின் உறையை அறுக்கும். ஒரு நாள் செம்பு தகட்டைத் தொடும். காரின் உடல் பேட்டரியின் எதிர்முனையோடு இணைந்தது. எனவே அது குறுக்குச் சுற்று. பேட்டரியின் உள் மின்தடையையும் அதுவரையுள்ள வயரின் மின்தடையையும் கூட்டினால் 0.012 ஓம் என்று வைத்துக்கொள்வோம். மின்னோட்டம் 12.6 ÷ 0.012 = 1,050 ஆம்பியர். அந்த நிலையில் வயர் சில விநாடிகளில் உறையை எரித்துவிடும்.

பேட்டரிக்குப் பக்கத்தில் 100 ஆம்பியர் ஃபியூஸ் இருந்தால் அது கண நேரத்தில் உருகிச் சுற்றை வெட்டிவிடும். ஆம்ப்ளிஃபையருக்குப் பக்கத்தில் மட்டும் ஃபியூஸ் இருந்தால்? மின்னோட்டம் அந்த ஃபியூஸ் வரை போகவே போகாது. வழியிலேயே தகட்டில் இறங்கிவிடும். ஃபியூஸ் பத்திரமாக இருக்க, வயர் எரியும். அதனால்தான் பேட்டரியிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் ஃபியூஸ் இருக்க வேண்டும் என்பது இந்தத் தொழிலில் உள்ளவர்கள் கடைப்பிடிக்கும் விதி.

ஃபியூஸின் அளவை இரண்டு எண்களுக்கு நடுவில் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒலியமைப்பு எடுக்கும் உச்ச மின்னோட்டத்தைவிட அது பெரியதாக இருக்க வேண்டும். வயர் தாங்கும் மின்னோட்டத்தைவிடச் சிறியதாக இருக்க வேண்டும். ஃபியூஸ் அடிக்கடி போகிறது என்று பெரிய ஃபியூஸ் போடுகிறவர், வயரையே ஃபியூஸாக மாற்றிவிடுகிறார்.

மறந்துவிடும் பாதி: திரும்பி வரும் வழி

மின்னோட்டம் போனால் திரும்பி வர வேண்டும். காரில் அது உடல் இரும்பு வழியாகப் பேட்டரிக்குத் திரும்புகிறது. நேர்முனை வயருக்கு நூற்றுக்கணக்கான ரிங்கிட் செலவு செய்துவிட்டு, எதிர்முனை வயரைப் பெயின்ட் பூசிய ஏதோ ஒரு திருகில் மாட்டுகிறவர்கள் உண்டு. பெயின்ட் மின்சாரத்தைக் கடத்தாது. துருவும் சரியாகக் கடத்தாது. அந்த இணைப்பில் 0.02 ஓம் மின்தடை இருந்தாலே 83 ஆம்பியரில் 1.7 வோல்ட் இழப்பு, ஒரே புள்ளியில் 138 வாட் வெப்பம். எதிர்முனை வயரும் நேர்முனை வயரின் பருமனிலேயே இருக்க வேண்டும். அதை முடிந்தவரை குட்டையாக வைத்து, பெயின்டைச் சுரண்டி இரும்பு பளபளக்கும் இடத்தில் இறுக்க வேண்டும்.

பளபளக்கும் கெப்பாசிட்டர் உதவுமா?

விளக்கு மங்குகிறது என்று சொன்னால் சில கடைகளில் 1 ஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றைக் காட்டுவார்கள். அது எவ்வளவு ஆற்றலைச் சேமிக்கிறது? சூத்திரம்: ஆற்றல் = ½ × மின்தேக்குத் திறன் × மின்னழுத்தத்தின் வர்க்கம். மின்னழுத்தம் 14-இலிருந்து 12 வோல்ட்டுக்கு இறங்கும்போது அது தருவது ½ × 1 × (196 − 144) = 26 ஜூல். நம் அமைப்பு உச்சத்தில் விநாடிக்கு 1,150 ஜூல் எடுக்கிறது. 26 ஜூல் போதுமானது ஒரு விநாடியில் நாற்பதில் ஒரு பங்குக்கும் குறைவான நேரத்துக்கு. மிகச் சிறிய இறக்கத்தை அது கொஞ்சம் சமன் செய்யலாம். ஆல்டர்னேட்டரின் பற்றாக்குறையை அதனால் ஈடுகட்ட முடியாது.

பாதி வாட் போதுமென்றால்?

இனி அண்ணன் என்ன செய்யலாம்? 120 ஆம்பியர் ஆல்டர்னேட்டர் வாங்கலாம். அதற்கேற்ப ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரிக்குச் செல்லும் வயரையும், எஞ்சினையும் பேட்டரியையும் காரின் உடலோடு இணைக்கும் வயர்களையும் மாற்ற வேண்டும். செலவு கூடும்.

செலவில்லாத வழி ஒன்று உண்டு. அது நம் காதிலிருந்து தொடங்குகிறது. ஒலியின் அளவை டெசிபலில் அளக்கிறோம். திறன் இரு மடங்கானால் ஒலி 3 டெசிபல்தான் கூடும். அதைக் காது ‘கொஞ்சம் கூடியிருக்கிறது’ என்று மட்டுமே உணரும். சத்தம் இரண்டு மடங்காகக் கேட்க வேண்டுமென்றால் திறன் ஏறக்குறைய பத்து மடங்காக வேண்டும்.

ஒலிபெருக்கிகளின் அட்டையில் உணர்திறன் என்று ஒரு டெசிபல் எண் இருக்கும். குறிப்பிட்ட திறன் கொடுத்தால் எவ்வளவு ஒலி எழுப்பும் என்பதற்கான அளவு அது. உணர்திறன் 3 டெசிபல் அதிகமுள்ள சப்வூஃபரை வாங்கினால், 600 வாட்டில் கிடைத்த அதே சத்தம் 300 வாட்டிலேயே கிடைக்கும். அதன் கணக்கு இதோ:

சப்வூஃபர்: 300 ÷ 0.8 = 375 வாட்
கதவு ஒலிபெருக்கிகள்: 400 வாட்
மொத்தம்: 775 வாட், மின்னோட்டம் 56 ஆம்பியர்
சராசரி: மூன்றில் ஒரு பங்கு 19 ஆம்பியர், பேஸ் அதிகமுள்ள பாடலில் பாதி, 28 ஆம்பியர்

நெடுஞ்சாலையில் மிஞ்சும் 30 ஆம்பியருக்குள் எல்லாமே அடங்கிவிட்டது. ஆல்டர்னேட்டரை மாற்ற வேண்டியதில்லை. நெரிசலில் நிற்கும்போது மட்டும் ஒலியைக் குறைத்தால் போதும்.

பெட்டியின் மேல் ‘2,000 வாட்’ என்று பெரிதாக அச்சிட்டிருந்தால் ஏமாற வேண்டாம். அது ஒரு கணம் மட்டும் எட்டக்கூடிய உச்சத் திறனாக இருக்கலாம். தொடர்ந்து தரக்கூடிய திறனை ‘ஆர்எம்எஸ்’ என்று குறிப்பிட்டிருப்பார்கள். அதையும் நம்ப முடியாவிட்டால் ஆம்ப்ளிஃபையரின் பக்கத்தில் உள்ள ஃபியூஸ்களைக் கூட்டுங்கள். இரண்டு 25 ஆம்பியர் ஃபியூஸ்கள் என்றால் 50 ஆம்பியர். 50 × 13.8 = 690 வாட். அதில் 80 விழுக்காடு ஏறக்குறைய 550 வாட். வாங்குவதே 690 வாட் என்னும்போது தொடர்ந்து 2,000 வாட் கொடுக்க அதனால் முடியாது. ஆற்றல் அழியா விதி பெட்டியில் அச்சிட்டதற்காக மாறாது.

காதுக்கும் ஒரு கணக்கு

நம் நாட்டின் 2019-ஆம் ஆண்டு வேலையிட இரைச்சல் விதிமுறைகள், ஒரு நாள் வேலை நேரத்துக்கான வரம்பை 85 டெசிபல் என்று வைத்திருக்கின்றன. 85 டெசிபலில் 8 மணி நேரம் என்று தொடங்கி, ஒலி 3 டெசிபல் கூடும்போதெல்லாம் பாதுகாப்பான நேரத்தைப் பாதியாக்கிப் பாருங்கள். 88-இல் 4 மணி நேரம், 91-இல் 2 மணி, 94-இல் 1 மணி, 97-இல் அரை மணி, 100 டெசிபலில் 15 நிமிடம். சன்னலை மூடிய காருக்குள் பெரிய சப்வூஃபர் 100 டெசிபலை எளிதில் தாண்டும். உள்காதில் ஒலியை உணரும் மயிரணுக்கள் ஒருமுறை அழிந்தால் மனிதர்களுக்கு மீண்டும் வளர்வதில்லை. கெட்ட பேட்டரியை மாற்றலாம். காதுக்கு அந்த வசதி இல்லை.

நீங்களே அளந்து பாருங்கள்

ஒரு மல்டிமீட்டர் இருந்தால் உங்கள் வீட்டுக் காரிலேயே இதைச் சோதிக்கலாம். பெரியவர் ஒருவர் உடன் இருக்க வேண்டும். மோதிரம், காப்பு, கைச்சங்கிலி எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். மீட்டரை நேர்மின்னழுத்தம் அளக்கும் நிலையில் வையுங்கள். ஆம்பியர் அளக்கும் நிலையில் வைத்துப் பேட்டரியின் இரு முனைகளையும் தொட்டால் அதுவே குறுக்குச் சுற்றாகிவிடும். சுழலும் பெல்ட்டுக்கும் விசிறிக்கும் பக்கத்தில் கை, தலைமுடி, துப்பட்டா எதுவும் போகக் கூடாது.

முதலில் எஞ்சின் சில மணி நேரம் ஓடாமல் இருந்தபின் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து எஞ்சினைக் கிளப்பி அளக்க வேண்டும். பிறகு முன்விளக்கு, குளிர்சாதனம், வைப்பர் என்று ஒவ்வொன்றாகப் போட்டு ஒவ்வொரு முறையும் எண்ணை எழுதுங்கள். கடைசியாகப் பாட்டைச் சத்தமாக வையுங்கள். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தும் மின்னழுத்தம் 12.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கி அங்கேயே நின்றால், சேமிப்பிலிருந்து செலவாகிறது என்று பொருள். சில புதிய கார்களில் பெட்ரோலை மிச்சப்படுத்தக் கணினியே ஆல்டர்னேட்டரின் மின்னழுத்தத்தை ஏற்றி இறக்கும். அங்கே எண்கள் சற்று மாறும். மின்சாரக் கார்களில் ஆல்டர்னேட்டரே கிடையாது. பெரிய பேட்டரியிலிருந்து ஒரு மாற்றி 12 வோல்ட் தருகிறது. அவற்றின் ஆரஞ்சு நிற வயர்களை எக்காரணம் கொண்டும் தொடக் கூடாது.

வயரை இழுத்துப் பொருத்தும் வேலையை அனுபவமுள்ளவரிடம் விடுங்கள். அவர் முதலில் பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றுகிறாரா என்று பாருங்கள். நேர்முனையை முதலில் கழற்றினால், ஸ்பேனர் தவறிக் காரின் உடலைத் தொட்ட உடனே தீப்பொறி பறக்கும். எதிர்முனை ஏற்கெனவே உடலோடு இணைந்தது என்பதால், அதைக் கழற்றும்போது ஸ்பேனர் உடலில் பட்டாலும் ஒன்றும் ஆகாது.

வீட்டில் யாராவது காருக்கு ஒலியமைப்பு வாங்கப் போகிறார்கள் என்றால், கடைக்குப் போகுமுன் ஒரு தாளில் இந்த ஐந்து கேள்விகளையும் விடைகளையும் எழுதிக் கொடுங்கள்:

1. ஆல்டர்னேட்டர் எத்தனை ஆம்பியர் தருகிறது?
2. காரின் சொந்தச் செலவு போக மிச்சம் எவ்வளவு?
3. ஆம்ப்ளிஃபையர்கள் உச்சத்தில் எத்தனை ஆம்பியர், சராசரியில் எத்தனை ஆம்பியர் எடுக்கும்?
4. அந்த உச்சத்துக்கு 5 மீட்டர் வயர் எவ்வளவு பருமன் இருக்க வேண்டும்? அது முழுச் செம்புதானா?
5. ஃபியூஸ் எத்தனை ஆம்பியர்? அது பேட்டரிக்குப் பக்கத்தில் இருக்குமா?

ஐந்துக்கும் விடை எழுத முடிந்தால் பணத்தோடு கடைக்குப் போகலாம். மூன்றாவது விடை இரண்டாவதைவிடப் பெரியதாக வந்தால், முதலில் குறைக்க வேண்டியது வாட் எண்ணிக்கையைத்தான்.